பழத்தோல் குப்பையல்ல, அளவு தெரிந்தால் தீனி

(மாடு வளர்க்கும் குடும்பங்களுக்காகத் தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கிழமையில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளிலும் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரத்தை வீணாக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

கீழே டவுனில் உள்ள பழத் தொழிற்சாலையிலிருந்து வரும் தோல், சக்கை, சடை ஆகியவற்றை மாட்டுக்குப் போடுவது பற்றித்தான் இன்றைய பேச்சு. விசேசமாக, நம் லயங்களில் பிறக்கும் காளைக்கன்றுகளை அந்தத் தீனியில் எப்படித் தேற்றுவது, தேறியதை எப்படி ஏமாறாமல் விற்பது என்பதைச் சொல்லப் போகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறு உங்களுடையது அல்ல, எங்களுடையது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். பலாக் காலம். தொழிற்சாலையில் பலாச்சடையும் கனிந்துபோன சுளையும் மலையாகக் குவிந்து கிடந்தன. அவர்களுக்கு அதைக் கொட்ட இடமில்லை. நாங்கள் போய்ப் பேசினோம். "இலவசமாக எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள். எங்களுக்கு ஒரே சந்தோசம். லொறி வந்தது. பெரட்டுக்களத்தில் கொட்டினோம். "மாட்டுக்கு நல்ல தீனி, எல்லோரும் கொண்டுபோங்க" என்று சொன்னோம். எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அது எங்களுக்கே சரியாகத் தெரியாது.

கீழ் லயத்து அக்கா ஒருவர் ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோனார். கொழுந்து மலையிலிருந்து களைத்து வந்து, இருட்டும் நேரத்தில் புல்லுக்குப் போக முடியாமல், அந்தச் சாக்கை அப்படியே காளைக்கன்றின் முன்னால் அவிழ்த்துவிட்டார். இனிப்புத் தீனி; கன்று விடுமா? தின்று தீர்த்துவிட்டது. ராத்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றது. விடியும்போது தண்ணீராகக் கழிந்தது. சாணத்தில் புளித்த வாடை. பிறகு எழும்ப முடியவில்லை. மிருக வைத்தியர் வேறு தோட்டத்தில் இருந்து வந்து சேர பின்னேரம் மூன்று மணி. பொழுது சாய முன்னர் கன்று செத்துவிட்டது.

வைத்தியர் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். உள்ளே புளித்த கஞ்சி மாதிரி நிரம்பியிருந்தது. "தீனியில் விசம் இல்லை. கூடிப்போனதுதான் காரணம்" என்றார்.

அந்தக் கன்றை விற்றுத்தான் மகனை டவுன் பாடசாலையில் உயர்தரம் படிக்க அனுப்புவதாக அந்த வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு ஈடு கொடுக்க எங்களிடம் பணம் இருக்கவில்லை. அந்த அக்கா இன்றைக்கும் இங்கே இருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். "சொல்லுங்க சார், இன்னொரு வீட்டுல நடக்கக் கூடாது" என்றார்.

இனி விசயத்துக்கு வருவோம்.

காளைக்கன்று பிறந்தால்

நம் வீடுகளில் பசு ஈன்றதும் முதலில் கேட்பது "என்ன கன்று?" என்றுதான். கிடாரி என்றால் முகம் மலரும். காளை என்றால் "ம்…" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பால்காரருக்குப் பால் அளந்தால் காசு. காளைக்கன்று குடிக்கும் பால் நட்டம் என்று நினைக்கிறோம். ஆகவே கன்றுக்கு மடியை மறிக்கிறோம். இரண்டு மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும் கன்றை, வருகிற வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்குக் கயிற்றோடு அவிழ்த்துக் கொடுக்கிறோம்.

நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வளர்த்த மாட்டை இறைச்சிக்கு விற்க மனம் ஒப்பாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வண்டிக்கும் உழவுக்கும் இனவிருத்திக்கும் விற்பவர்கள் இருக்கிறீர்கள், சாணத்துக்காக வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். அது அவரவர் வீட்டு முடிவு. அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் பட்டினி போட்டு மெலியவிட்ட கன்றை அரை விலைக்குக் கொடுப்பதில் தருமமும் இல்லை, இலாபமும் இல்லை. எந்த வழிக்குப் போனாலும் கன்று வயிறு நிறையத் தின்று வளரட்டும். அதற்குப் புல் போதாமல் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே புல் வளர்க்க இடம் ஏது? கானு ஓரத்திலும் ஓடைக்கரையிலும் அறுக்கும் புல்லும், மழையில்லாத மாசி பங்குனியில் காய்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பழத்தோல்.

மற்ற நாடுகளில் செய்கிறார்கள்

பழத்தோலை மாட்டுக்குப் போடுவது நாம் கண்டுபிடித்த புதினம் அல்ல. அமெரிக்காவின் புளோரிடாவிலும், பிரேசிலிலும் தோடம்பழச் சாறு பிழியும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. சாறு பிழிந்த பின் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சும். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு கலக்கிறார்கள். ஜாம் இறுகுவதற்குக் காரணமான பசை தோலிலும் உண்டு. அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சுண்ணாம்பு அந்தப் பிடியைத் தளர்த்தும். பிறகு நெரித்துத் தண்ணீரை வெளியேற்றி, காயவைத்து, சிறு கட்டிகளாக்கி மாட்டுத் தீனியாகக் கப்பலில் அனுப்புகிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில் அன்னாசியைத் தகரத்தில் அடைக்கும் ஆலைப் பக்கத்திலேயே, அன்னாசிச் சக்கையைக் கொடுத்து இறைச்சி மாடுகளை வளர்த்தார்கள்.

நம் நாட்டில் கம்பஹா, குருணாகல் மாவட்டங்களில் அன்னாசி அதிகம். பலாவோ நம் வீட்டுக் கோடியிலேயே நிற்கிறது. ஜாம், கோடியல், வற்றல் செய்யும் சிறிய தொழிற்சாலைகள் பல ஊர்களில் உண்டு. ஆலைகளில் இருக்கும் நெரிக்கும் இயந்திரமும் காயவைக்கும் இயந்திரமும் நம்மிடம் இல்லை. ஆகவே நாம் ஈரத்தோடுதான் போட வேண்டும். ஈரத்தோடு போடுவதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

100 கிலோ அன்னாசித் தோல் கொண்டுவந்தால், அதில் 85 கிலோவுக்கு மேல் தண்ணீர். மாட்டின் உடம்பில் ஒட்டக்கூடிய தீனி 12 முதல் 15 கிலோதான். லொறிக் கூலி கொடுக்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. தூரத்திலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவருவதென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் இலாபம்.

அந்த 12 கிலோவிலும் சீனிச் சத்து அதிகம். சதை பிடிக்கத் தேவையான புரதம் குறைவு. எலும்புக்கு வேண்டிய கல்சியமும் பொஸ்பரசும் குறைவு. சோற்றை மட்டும் தின்று, பருப்பும் கீரையும் இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது போலத்தான் மாட்டுக்குத் தோல் மட்டும் கொடுப்பது. வயிறு தெரியும், வளர்ச்சி தெரியாது. ஆகவே பருப்புக்குப் பதிலாகக் கிளிரிசீடியாக் குழை, டடப் மரத்துக் குழை, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு இவற்றில் ஏதாவது ஒன்று சேர வேண்டும். கிளிரிசீடியாவை வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால் அந்த வாடை குறையும், மாடு பழகிக்கொள்ளும். தாதுப்புக் கலவை அல்லது நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்று கொட்டகையில் தொங்க வேண்டும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டின் பெரிய வயிற்றைப் பாற்சட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உறை ஊற்றிய பாலைக் கிருமிகள் தயிராக்குகின்றன அல்லவா? அதுபோல மாட்டின் வயிற்றிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. புல்லைச் செரிக்க வைப்பது அவைதான். புல் தின்று பழகிய வயிற்றில் புல்லைப் பிரிக்கும் கிருமிகள் பெருகியிருக்கும். திடீரென்று ஒரு சாக்கு இனிப்பைக் கொட்டினால், சீனியைத் தின்னும் கிருமிகள் ஒரே ராத்திரியில் பெருகி எல்லாவற்றையும் புளிக்க வைத்துவிடும். அந்தப் புளிப்பு வயிற்றுச் சுவரைச் சுடும், இரத்தத்திலும் கலக்கும். அசைபோடுவது நின்றுவிடும். பிழைத்த மாட்டுக்கும் குளம்பில் நோவு வரலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இது அப்படியே மாட்டு வயிற்றுக்குப் பொருந்தும்.

எவ்வளவு போடலாம்?

ஒரு மாடு ஒரு நாளைக்குத் தின்னும் தீனியைத் தண்ணீர் நீக்கிக் கணக்கிட்டால், அதன் எடையில் 100க்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரும். 160 கிலோ எடையுள்ள காளைக்கன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ காய்ந்த தீனி வேண்டும். அதில் கால் பங்கு, அதாவது 1 கிலோவைப் பழத்தோலில் கொடுக்கலாம். 1 கிலோ காய்ந்த தீனி என்றால் 8 கிலோ ஈரத்தோல். மற்ற முக்கால் பங்கு புல்லும் குழையும் புண்ணாக்குமாக இருக்க வேண்டும். இதை நினைவில் வைப்பது சுலபம்: நான்கில் ஒன்று தோல், மூன்று புல்லும் குழையும்.

முதல் நாளே 8 கிலோ போடக் கூடாது. முதல் நாள் 1 கிலோ. மூன்று நாளைக்கு ஒரு தடவை 1 கிலோ கூட்டுங்கள். 8 கிலோவுக்கு வர மூன்று வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம். இடையில் லொறி வராமல் ஒரு கிழமை தோல் இல்லாமல் போனால், திரும்பக் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். "பழகின மாடுதானே" என்று பழைய அளவையே போட்டுவிடுகிறார்கள்.

தராசு இல்லாதவர்கள், கடையில் ஒரு தடவை ஒரு வாளித் தோலை நிறுத்துப் பார்த்து, வாளியில் கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதலில் புல்லைப் போட்டு, மாடு பாதி வயிறு தின்ற பின் தோலைப் போடுங்கள். ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுங்கள். வெறும் வயிற்றில் தோல் கூடாது. நான்கு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குத் தோல் வேண்டாம். அதன் பெரிய வயிறு இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதற்குப் பாலும் இளம் புல்லும்தான். பெரிய பசுவுக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். பால் கறக்கும் பசுவுக்குக் கறந்த பிறகு போட்டால் பாலில் வாடை ஏறாது.

ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு விதம்

அன்னாசி: தோல், நடுத்தண்டு, கொண்டை எல்லாம் ஆகும். கொண்டையைச் சிறிதாக வெட்டிப் போடுங்கள்.

பலா: முட்தோலை நறுக்கிப் போடலாம். சடை நல்ல தீனி. கனிந்த சுளைதான் ஆபத்து. கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம். கொட்டையை மாட்டுக்குக் கொட்டாதீர்கள். அது நம் வீட்டுக் கறிக்கு.

வாழைப்பழத் தோல்: பழுத்த தோல் நல்லது. பச்சைத் தோலில் துவர்ப்பு அதிகம், கொஞ்சமாகப் போடுங்கள். வாழைத்தண்டு பெரும்பாலும் தண்ணீர்தான். வயிற்றை நிரப்பும், சதை போடாது.

பெஷன் புரூட்: சாறு எடுத்த பின் மிஞ்சும் கோதை நறுக்கிப் போடலாம். மாடு விரும்பித் தின்னும்.

தோடை, எலுமிச்சைத் தோல்: கசப்பு. மாடு முதலில் முகத்தைத் திருப்பும். தவிட்டோடு பிசைந்து பழக்குங்கள்.

மாம்பழம்: தோல் ஆகும். கொட்டையை நீக்கிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு தொண்டையில் அடைத்தால் மூச்சு முட்டும்.

விளாம்பழ ஓடு: அது தீனியல்ல, விறகு.

பட்டர் புரூட் எனும் ஆனைக்கொய்யா: இதை மாட்டுக்கு அறவே போடாதீர்கள். இலை, தோல், கொட்டை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. இலைதான் மிகக் கெட்டது. மடி வீங்கிப் பால் குறையும், இருதயமும் கெடும். நம் லயங்களின் கோடியில் இந்த மரங்கள் நிறைய நிற்கின்றன. வெட்டிய கிளையை மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

எந்தத் தோலாக இருந்தாலும் கையால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். தொழிற்சாலைக் குப்பையில் தகர மூடி, கம்பி, உடைந்த கத்தி அலகு, பொலித்தீன் எல்லாம் வரும். கம்பித் துண்டு மாட்டின் வயிற்றிலிருந்து இருதயம் வரை குத்திக்கொண்டு போகும். பூஞ்சணம் பிடித்த தோலை அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுப் போடலாம் என்று நினைக்காதீர்கள். முழுவதையும் குழியில் போட்டு மூடுங்கள். பூஞ்சணத்தின் நஞ்சு மாட்டுக்குள் போய்ப் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

பீப்பாயில் அடைத்து வைத்தல்

ஈரத்தோல் இரண்டு நாளில் கெட்டுவிடும். ஆனால் காற்றுப் புகாமல் அடைத்தால் ஊறுகாய் மாதிரி மாதக் கணக்கில் இருக்கும்.

செய்முறை இதுதான். தோலைச் சிறிதாக வெட்டுங்கள். நான்கு பங்கு தோலுக்கு ஒரு பங்கு காய்ந்த வைக்கோல் சேருங்கள். வைக்கோல் தோலின் தண்ணீரை உறிஞ்சும். வைக்கோல் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்ட கினிப் புல்லைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடையே தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் வைக்கோல் வேண்டும். பீப்பாயில் அரை அடி போட்டு மிதியுங்கள், இன்னும் அரை அடி போட்டு மிதியுங்கள். காற்று உள்ளே நிற்கக் கூடாது. மேலே பொலித்தீன் விரித்து, கல்லோ மண்மூட்டையோ பாரம் வைத்து இறுக மூடுங்கள். 21 நாள் திறக்கக் கூடாது. சரியாக வந்திருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும், இதமான புளிப்பு வாசமும் இருக்கும். கறுத்து, நாறினால் போடாதீர்கள்.

மருந்து வந்த பீப்பாயும் உரப்பையும் இந்த வேலைக்கு ஆகாது. எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது. சாப்பாட்டுச் சாமான் வந்த நீல பீப்பாயாகப் பார்த்து வாங்குங்கள். அதுபோல, களைக்கு மருந்தடித்த கானுவில் புல் அறுக்கக் கூடாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று கணக்குப்பிள்ளை ஐயாவிடம் கேட்டால் சொல்லுவார்.

சுகமில்லை என்றால் எப்படித் தெரியும்?

தீனியில் முகம் வைக்காது. அசைபோடாது. இடது விலாப் பள்ளம் மேடாகிவிடும். பல்லைக் கடிக்கும், முனகும். சாணம் தண்ணீராக, புளித்த வாடையோடு போகும். நடை தள்ளாடும். இதில் ஒன்றைக் கண்டாலும் தோலை உடனே நிறுத்துங்கள். காய்ந்த புல்லும் நல்ல தண்ணீரும் மட்டும் முன்னால் வையுங்கள். நடக்கக் கூடியதானால் மெதுவாக நடத்துங்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று பார்க்காமல் மிருக வைத்தியர் காரியாலயத்துக்கோ கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தருக்கோ போன் போடச் சொல்லுங்கள். அப்பச்சோடாக் கரைசல் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். படுத்துக் கிடக்கும் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதையும் ஊற்றாதீர்கள். அது சுவாசப்பைக்குள் போனால் அதனாலேயே செத்துப்போகும்.

அந்த அக்காவின் கன்று விடியற்காலையில் தள்ளாடியபோதே போன் போட்டிருந்தால், ஒருவேளை தப்பியிருக்கலாம். அவருக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதுவும் எங்கள் குறைதான். இப்போது அந்த இலக்கத்தைப் பிள்ளை மடுவச் சுவரிலும் கோயில் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம்.

விற்கும்போது டேப்பை எடுங்கள்

வளர்த்தாயிற்று. இனி விற்பது. வியாபாரி வருவார். மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். "நூறு கிலோ தேறாதும்மா" என்பார். அவருடைய கண்தான் தராசு.

நம் வீட்டில் தையல் டேப் இருக்கிறது. மாட்டைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளத்தை அளவுங்கள். இரண்டும் அங்குலத்தில் இருக்கட்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். தராசு போல அச்சொட்டாக இராது; ஆனால் கண்மதிப்பை விட எவ்வளவோ மேல். பாடசாலைப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிசத்தில் போட்டுத் தரும்.

உதாரணம் சொல்கிறோம். நெஞ்சு 50 அங்குலம், நீளம் 42 அங்குலம். 50ஐ 50ஆல் பெருக்க 2,500. அதை 42ஆல் பெருக்க 1,05,000. 660ஆல் வகுக்க 159 கிலோ.

இது நாங்கள் சும்மா எழுதிய கணக்கு அல்ல. இங்கே இருக்கிற அந்த அக்காவின் இரண்டாவது கன்றின் அளவு. கன்று செத்த பிறகு, மேல் லயத்து அண்ணன் ஒருவர் தன் பசுவின் காளைக்கன்றை வாரத்துக்கு அவரிடம் கொடுத்தார். விற்றால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அந்த அக்கா பயந்து பயந்து, வாளியில் கோடு கீறி, ஒரு கொப்பியில் நாள் போட்டு எழுதி, அதே தொழிற்சாலைத் தோலில்தான் அதை வளர்த்தார். போன மாதம் வியாபாரி வந்து, "நூறு கிலோ தேறாது" என்றார். மகன் டேப்பை எடுத்தான். 159 என்றதும், வியாபாரி ஒன்றும் பேசாமல் டேப்பை வாங்கித் தானே ஒரு தடவை அளந்து பார்த்தார். பிறகு விலை வேறு விதமாகப் பேசப்பட்டது. அக்கா அன்றைக்கு விற்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் வைத்திருக்கப் போகிறாராம்.

இன்னொன்று. விலை பேசும்போது உயிர் எடைக்கா, இறைச்சி எடைக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் தேறும். இரண்டையும் குழப்பித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். மாட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிப் போகப் பத்திரமும் அனுமதியும் வேண்டும். பத்திரமில்லாமல் ராத்திரியில் ஏற்றுகிறேன் என்று எவர் வந்தாலும் கயிற்றைக் கொடுக்காதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் முறையைக் கேட்டுச் செய்யுங்கள். பூச்சி மருந்தோ ஊசியோ கொடுத்த மாட்டை எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதைத் தின்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

லயத்துச் சுத்தம்

தோலிலிருந்து வடியும் தண்ணீர் பீலிக்கோ ஓடைக்கோ போகக் கூடாது. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி விடுங்கள். மிஞ்சிய தோலையும் சாணத்தையும் சேர்த்து மூடி வைத்தால் மரக்கறிப் பாத்திக்கு நல்ல பசளை. வெறும் பீப்பாயைக் கவிழ்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். தோல் குவியலில் இலையான் மொய்த்தால், பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குத்தான் வயிற்றோட்டம் வரும். மாடு உங்களுடையது என்றாலும், லயம் எல்லோருக்கும் பொது.

இன்னும் ஒரு சொல், விசேசமாக ஆண்களுக்கு. மலையில் கொழுந்து பறித்து, வீட்டில் சமைத்து, பிள்ளையைக் கவனித்து, அதற்கு மேல் மாட்டையும் பெண்களே பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தச் சாக்கு அப்படியே அவிழ்ந்ததற்குக் காரணம் களைப்புத்தான். தோல் வெட்டுவது, பீப்பாய் மிதிப்பது ஆண்கள் வேலையாக இருக்கட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மறித்துப் புல்லுக்கு அனுப்பாதீர்கள். மாடு வளர்ப்பது பிள்ளை படிப்பதற்காக. மாட்டுக்காகப் பிள்ளையின் படிப்பு நின்றால் என்ன பிரயோசனம்?

இனி என்ன ஏற்பாடு?

அடுத்த கிழமை முதல் செவ்வாயும் வெள்ளியும் லொறி வரும். இந்தத் தடவை பெரட்டுக்களத்தில் கொட்டி "அள்ளிக்கொண்டு போங்க" என்று சொல்ல மாட்டோம். எந்த வீட்டில் எத்தனை மாடு, என்ன வயது என்று ஒரு கொப்பியில் எழுதி, அளவுப்படிதான் கொடுப்போம். புதிதாகத் தொடங்குகிற வீட்டுக்கு முதல் கிழமை ஒரு வாளிக்கு மேல் கிடையாது. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அளவில் சந்தேகம் வந்தால் எங்களிடம் கேளுங்கள். நாங்கள் காரியாலயத்தில் இல்லாவிட்டால் கீழ் லயத்து அக்காவிடம் கேளுங்கள். அவருடைய கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை வாளி என்று எழுதியிருக்கிறது. எங்கள் பேச்சை விட அந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம்.

இப்போது தேத்தண்ணி வரும். குடித்துவிட்டு, மாடு வைத்திருப்பவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.